மூன்று மாவட்டங்களின் பெயர் தாங்கிய ஒரு பள்ளி: கிருஷ்ணகிரி வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளி பற்றி ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் என் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, தமிழ் வழியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து முடித்தாள். அதே பள்ளியில் நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். எனக்கு முன் என் தந்தையார் அங்குப் படித்தார். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அக்கம்பக்கத்துப் பெற்றோர் கேட்கும்போதெல்லாம் இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க என்னால் இயலவில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் பள்ளியின் பெயரைக் குறிப்பிடவில்லை. அந்தக் குறைகள் அங்கே பணியாற்றும் எந்தத் தனி ஆசிரியரையும் சுட்டுவன அல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் இதே வயதுடைய அரசுப் பள்ளிகள் பலவற்றுக்கு இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் வழியில் படிக்க வைக்க விரும்பும் பெற்றோர் தயங்காமல் இங்கே சேர்க்கலாம். ஆனால் இந்தப் பள்ளி எதற்காக, யாருக்காக உருவானது என்பதைத் தெரிந்துகொண்டு சேர்த்தால், எதை அதனிடம் எதிர்பார்க்கலாம், எதை நாமே கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது தெளிவாக இருக்கும்.

எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் சான்றிதழ்களே இப்பள்ளியின் வரலாற்றைச் சொல்லிவிடும். தந்தையாரின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் சேலம் மாவட்டம் என்றிருக்கும். 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமானதால் என்னுடைய சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்றிருக்கும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்ததால் மகளுடையதில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றிருக்கிறது. மூவரும் நடந்து சென்றது ஒரே வாயில் வழியாகத்தான். மாவட்டம் பிரிந்தபோதெல்லாம் கல்வி அலுவலகம் சற்று அருகில் வந்தது என்பது சிறிய நன்மையன்று. ஒரு கையெழுத்துக்காகச் சேலம் வரை போய்வந்த காலத்தை என் தந்தையார் இன்றும் சொல்வார்.

தந்தையார் படித்தபோது இது மாவட்டக் கழகமான ஜில்லா போர்டு நடத்திய உயர்நிலைப் பள்ளி. இன்றைய ஆறாம் வகுப்பு அன்று முதல் பாரம். ஆறாம் பாரம் முடித்தால் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு. ஓட்டுக் கூரை வேய்ந்த நீண்ட கட்டடம் ஒன்று அக்காலத்தின் எச்சமாக இன்றும் நிற்கிறது. சுவர் தடிமனும் உயரமான கூரையும் இருப்பதால், சித்திரை வெயிலிலும் அதனுள் உட்கார முடிகிறது. பின்னாளில் கட்டிய கான்கிரீட் வகுப்பறைகளில் அது முடியாது. உயர்நிலைக் கல்விக்கு அப்போது சம்பளம் கட்ட வேண்டும். மானாவாரி நிலத்தில் ராகியும் கொள்ளும் விளைவித்த குடும்பங்களுக்கு மாதந்தோறும் ரொக்கமாகப் பணம் எடுத்து வைப்பது எளிதாக இருக்கவில்லை. படிப்பில் நாட்டமிருந்தும் இரண்டாம் பாரத்திலோ மூன்றாம் பாரத்திலோ நின்றுவிட்டவர்கள் தந்தையாரின் வகுப்பில் நிறையப் பேர். காமராசர் ஆட்சியில் 1960 ஐ ஒட்டி ஏழை மாணவர்களுக்குச் சம்பளம் நீக்கப்பட்டு, 1960களின் நடுப்பகுதிக்குள் பள்ளியிறுதி வரை அனைவருக்கும் கட்டணமில்லாக் கல்வி என்றானது. அதன் பிறகுதான் இந்தப் பள்ளி ஊராருக்கு உண்மையாகவே திறந்தது என்று சொல்வேன்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இம்மாவட்டத்தின் தொரப்பள்ளியில் 1878 இல் பிறந்து, ஓசூரில் அரசுப் பள்ளியில் படித்த இராஜாஜி, முதலமைச்சராக இருந்தபோது 1953 இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று கடுமையாக எதிர்க்கப்பட்ட அது 1954 இல் காமராசர் பொறுப்பேற்றதும் கைவிடப்பட்டது. அத்திட்டம் நிலைத்திருந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் உயர்நிலைப் பள்ளியின் முதல் பாரம் வரை வந்திருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆடு மேய்த்த வீட்டிலிருந்து வந்து ஆசிரியரானவர்களை இந்தப் பள்ளி உருவாக்கியிருக்கிறது என்பதை அறிந்தவள் என்பதால், இதில் என் நிலைப்பாடு உறுதியானது.

அதற்கும் வெகுமுன்பே இந்த மண்ணுக்கும் பள்ளிக் கணக்கெடுப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. எங்கள் பகுதியை உள்ளடக்கிய பாராமகால் 1792 இல் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தபோது, இதன் நிர்வாகப் பொறுப்பிலிருந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இங்கே பணியாற்றிய தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராகி, 1822 இல் மாகாணம் முழுவதும் இருந்த பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. தாலுகாவுக்கு ஒரு பள்ளியேனும் அரசு செலவில் வேண்டும் என்று 1826 இல் அவர் எழுதினார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார். அந்தக் கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம் என்பதுதான் என் மனத்தில் நிற்கிறது.

ஏனெனில் இந்தப் பள்ளியை மதிப்பிட எனக்கு முதன்மையான அளவுகோல் பெண் பிள்ளைகள்தாம். தந்தையாரின் வகுப்புப் படத்தில் மாணவியர் ஓர் ஓரத்தில் ஒரு சிலராக நிற்கிறார்கள். என் காலத்தில் வகுப்பில் பாதியளவு இருந்தோம். ஆனால் பத்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். 1978 இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்துவிட்டபோதிலும், மேல்நிலை வகுப்புகள் முதலில் நகரத்துப் பெரிய பள்ளிகளுக்கே கிடைத்தன. எங்கள் ஊருக்கு அவை வந்து சேர நெடுங்காலமாயிற்று. அதுவரை பதினொன்றாம் வகுப்புக்குக் கிருஷ்ணகிரிக்கோ காவேரிப்பட்டணத்துக்கோ பேருந்தில் போக வேண்டும். மாலைப் பேருந்து தவறினால் இருட்டிவிடும் என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லியே என்னுடன் படித்த பெண்களில் பலரை வீட்டில் நிறுத்தினார்கள். நிறுத்திய ஓரிரு ஆண்டுகளில் அத்தை மகனுக்கோ தாய்மாமனுக்கோ திருமணம் முடிந்தது. நன்றாகக் கணக்குப் போடக்கூடிய பெண்கள் அவர்கள். நான் பேருந்து ஏறியதற்குக் காரணம், பெண்ணைப் படிக்க வைத்தே தீருவேன் என்று என் தந்தையார் பிடிவாதமாக நின்றதுதான். பள்ளி வாய்ப்பு என்பது தந்தையின் பிடிவாதத்தை நம்பி இருக்கலாகாது என்பதை அன்றே உணர்ந்தேன்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் இதே வளாகத்தில் தொடங்கிய பின் நிலைமை மாறியதை ஊரில் உள்ள எவரும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கி, பின்னர் அனைவருக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டம், பேருந்து வராத கிராமங்களிலிருந்து பெண்கள் கூட்டமாகப் பள்ளிக்கு வரும் வழக்கத்தை உண்டாக்கியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 இல் வந்த திருமண உதவித் திட்டம், பெண் எட்டாம் வகுப்பு வரையேனும் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பின்னர் அது பத்தாம் வகுப்பானது. அதனால் பள்ளியில் நீடித்த பெண்களும் உண்டு. ஆயினும் அந்தப் பணம் திருமணத்துக்காகவே வந்தது. 2022 இல் அதே திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே மாதம் 1,000 ரூபாய் வருகிறது. என் மகளுக்கு இப்போது வருகிறது. என் தலைமுறையில் யாருக்கும் கிடைக்காத ஒன்றை அவள் தன் பெயரிலேயே பெறுகிறாள் என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

குழந்தைத் திருமணம் எங்கள் பகுதியில் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஒரு மாணவி தொடர்ந்து சில நாள் வராவிட்டால் வகுப்பாசிரியை வீடு தேடிச் செல்வதையும், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் சொல்வதையும் இப்பள்ளியில் கண்டிருக்கிறேன். மதிப்பெண் பட்டியல் எதிலும் இடம்பெறாத இந்தப் பணிக்காகவே நான் இந்தப் பள்ளிக்கு மிக உயர்ந்த மதிப்பைத் தருவேன்.

அடுத்து மொழி. தமிழ் வழிப் பள்ளி என்றதும் வகுப்பில் எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் என்று வெளி மாவட்டத்தார் எண்ணக்கூடும். இங்கே அப்படியில்லை. வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பமென்றால் வீட்டில் தெலுங்கு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமென்றால் கன்னடம். கிருஷ்ணகிரி நகரத்திலிருந்து குடிவந்தவர்கள் சிலர் வீட்டில் உருது. இம்மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழி அரசுப் பள்ளிகளும் இருப்பதால், தொடக்கக் கல்வியை வேறொரு மொழியில் முடித்துவிட்டு ஆறாம் வகுப்பில் தமிழ் வழிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக 2015-16 இல் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்று தேர்வில் விலக்குக் கேட்டு வந்ததும் இம்மாவட்டத்தார் நன்கறிந்த செய்தி. சட்டத்தின் நோக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் ஆறாம் வகுப்பில் புதிதாக வந்து உட்காரும் அந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே ஓராண்டு ஆகும் என்பதைச் சட்டத்தைவிட வகுப்பாசிரியர்தான் நன்கறிவார்.

மகளின் ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்த ஆசிரியை உள்ளூர்க்காரர். தெலுங்கும் கன்னடமும் தெரிந்தவர். பின்னங்களை முதலில் தமிழில் சொல்லி, பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெலுங்கில் ஒருமுறை சொல்லி, பிறகு அவர்களையே தமிழில் திருப்பிச் சொல்ல வைப்பாராம். அந்த ஆண்டின் முடிவில் பின்வரிசை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. இத்தகைய ஆசிரியர் வாய்ப்பது நற்பேறு. ஆனால் இது ஏற்பாடாக இல்லாமல் நற்பேறாகவே இருக்கிறது என்பதுதான் என் வருத்தம். அவர் பணிமாறுதலில் சென்ற பின் வந்தவருக்கு அம்மொழிகள் தெரியாது; அடுத்த அணியினர் தடுமாறினர். இம்மாவட்டப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கென இணைப்பு வகுப்பு ஒன்றைக் கல்வித் துறை நிரந்தரமாக வைத்தாக வேண்டும்.

ஆசிரியர் பற்றாக்குறையைச் சொல்லாமல் இம்மதிப்பீடு நேர்மையானதாகாது. மகள் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தபோது இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. 2022 இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு அனுமதித்தது. முதுநிலை ஆசிரியருக்கு அப்போது மாத ஊதியம் 12,000 ரூபாயாக இருந்தது. அந்த ஊதியத்துக்கு வந்த இளைஞர் உண்மையில் மிக நன்றாகக் கற்பித்தார். ஆய்வகத்தில் தூசி படிந்திருந்த கருவிகளைத் துடைத்து எடுத்து, மாணவர்களின் கையிலேயே கொடுத்துச் செய்முறை செய்ய வைத்தார். ஓசூரில் தொழிற்சாலைப் பணி கிடைத்ததும் இடையிலேயே சென்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. 12,000 ரூபாயில் ஒரு முதுநிலைப் பட்டதாரி குடும்பம் நடத்த வேண்டும் என்று எதிர்பார்த்தது முறையன்று.

தமிழ்ப் பாடமும் வரலாறும் வேளாண் அறிவியலும் இங்கே சிறப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆங்கிலம் போதாது. எழுத வருகிறது, பேச வாய்ப்பே தரப்படுவதில்லை. 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்கள் தரத்தில் பழையவற்றைவிடப் பன்மடங்கு உயர்ந்தவை. பாட இறுதியில் கலைச்சொற்கள் இருமொழியிலும் தரப்பட்டிருக்கின்றன. கல்லூரி முதலாண்டில் தமிழ் வழி மாணவர் திணறாதிருக்க அந்தப் பக்கங்கள்தாம் துணை. ஆனால் தேர்வில் அவற்றிலிருந்து வினா வராததால் வகுப்பில் அவற்றை யாரும் புரட்டுவதில்லை. பெற்றோர் வீட்டில் வாரம் ஒரு பாடத்தின் கலைச்சொற்களை மட்டுமாவது படிக்க வைப்பது நல்லது.

தேர்ச்சி விழுக்காடு என்ற ஒன்றுக்காக எல்லா வலிமையும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் குவிக்கப்படுகிறது. காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு, சிறு தேர்வு, சனிக்கிழமை வகுப்பு எல்லாம் அவர்களுக்கே. அதே வளாகத்தில் ஏழாம், எட்டாம் வகுப்பில் தடையின்றிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் சிலர் கவனிப்பாரின்றி ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிடுகிறார்கள். வந்த பிறகு அவர்கள் பள்ளியின் விழுக்காட்டுக்குச் சுமையாகப் பார்க்கப்படுகிறார்கள். ஒரு பள்ளி தன் கடைசி வரிசைப் பிள்ளையைச் சுமையாகக் கருதத் தொடங்கினால், அது எந்த நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டதோ அதிலிருந்து விலகிவிட்டது என்றே பொருள். ஆறு, ஏழாம் வகுப்புகளில் பிள்ளை உரக்கப் படிப்பதைப் பெற்றோரே மாதம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

சத்துணவில் எனக்குக் குறை சொல்ல அதிகமில்லை. எம்.ஜி.ஆர். 1982 இல் தொடங்கிய திட்டம் 1984 இல் உயர்நிலை மாணவர்களுக்கும் நீண்டது; இப்போது பள்ளி நாள் ஐந்திலும் முட்டை உண்டு, சமையலும் சுத்தம். பத்தாம் வகுப்போடு அது நின்றுவிடுவதுதான் குறை. விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் மேல்நிலை மாணவியர் சிலர் மதியம் எதுவும் உண்ணாமல் இருந்ததை மகள் சொல்லியிருக்கிறாள். குடிநீருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபின், ஃபுளோரைடு மிகுந்த ஆழ்குழாய் நீரால் பல்லில் பழுப்பேறிய என் தலைமுறையின் நிலை இன்றைய பிள்ளைகளுக்கு இல்லை. கழிப்பறைகள் கட்டப்பட்டிருக்கின்றன, ஆனால் தூய்மைப் பணியாளர் முழுநேரம் இல்லாததால் பிற்பகலில் பயன்படுத்த முடிவதில்லை. மாணவியருக்கு இது பெருந்துன்பம்.

அலுவலகச் சேவையைத் தனியே பாராட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பழைய தலைமுறையினருக்குப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுதான் வயதுக்குச் சான்று. சேர்த்த ஆசிரியர் உத்தேசமாக எழுதிய ஜூன் மாதப் பிறந்தநாளோடு வாழ்ந்துவரும் முதியவர்கள் எங்கள் ஊரில் பலர். ஓய்வூதியத்துக்காக என் தந்தையாரின் பதிவுக்குச் சான்றொப்பமிட்ட நகல் கேட்டபோது, எழுத்தர் அந்தப் பழைய பதிவேட்டைப் பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். காகிதம் நொறுங்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பதிவேடுகளை உடனடியாக மின்னுருவாக்க வேண்டும். தாமதித்தால் ஊரின் எழுதப்பட்ட நினைவு அழிந்துவிடும்.

தமிழ் வழிப் பிரிவின் இன்றைய நிலை எனக்குக் கவலை தருகிறது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்ட பின், ஒவ்வோராண்டும் தமிழ் வழிப் பிரிவு மெலிந்து வருகிறது. புதிய பலகைகளும் திறன் வகுப்பறையும் ஆங்கில வழிப் பிரிவுக்கே முதலில் போய்ச் சேர்வதால், தமிழ் வழி என்பது வேறு வழியில்லாதவர்களுக்கானது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கே வந்துவிடுகிறது. பெற்றோர் சிலவற்றை அறிந்திருப்பது நல்லது. தமிழ் வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010 முதல் உள்ளது. பின்னர் வந்த திருத்தத்தால், பட்டப்படிப்பை மட்டும் தமிழில் முடித்தால் போதாது, பள்ளிக் கல்வியும் தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. இடையில் ஓரிரு ஆண்டு தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுத் திரும்ப வந்தால் அந்த உரிமை போய்விடும்.

சேர்க்கைக்குச் செல்வோர் மாற்றுச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டு செல்லவும்; எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் ஏதேனும் குறைந்தாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது சட்டம். கட்டணம் ஏதுமில்லை. தமிழ் வழிப் பிரிவுதான் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். கேட்காவிட்டால் இடமிருக்கும் பிரிவில் போட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பிள்ளை வெளியேறும் நாளிலேயே, ஒவ்வொரு வகுப்பும் தமிழ் வழியில் பயின்றதற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் பெற்றுவிடுங்கள். தொடக்கப் பள்ளி வேறு ஊரிலென்றால் அங்கேயும் தனியே பெற வேண்டும்.